தினமும் ஒரு பகுதி: வேத தியானத்தைத் தொடங்குகிறவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, உதகை பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போய்த் திரும்பும்போது ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கையில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த அட்டை. அதில் ஒரு வசனம். சிலர் அதை பைபிளுக்குள் வைப்பார்கள், சிலர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். அந்த வருஷம் எது நடந்தாலும் அந்த அட்டையை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த ஒற்றை வசனத்தைப் பிடித்துக்கொண்டு இரவைக் கடத்தியவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு வசனத்தை வாங்கி வைப்பது வேறு, தினமும் வேதத்தோடு உட்காருவது வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

திடப்படுத்தல் (ஆலயத்தில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) முடித்த பிள்ளைகள், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், பல வருஷம் ஆலயத்துக்குப் போயும் வீட்டில் வேதத்தைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூடிவைக்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். "தினமும் தியானம் பண்ணுங்க" என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். எப்படி என்று விளக்க அங்கே நேரம் இருப்பதில்லை.

வேதத்தில் ஒரு சிறு பகுதியை நிதானமாக வாசிப்பது. அது முதலில் யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று பார்ப்பது. இன்று என்னிடம் அது எதைக் கேட்கிறது என்று யோசிப்பது. அதை ஜெபமாகச் சொல்வது. அந்த நாள் முடிவதற்குள் அதில் ஒன்றையாவது செய்வது. தியானம் என்பது இவ்வளவுதான். "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்" என்று முதலாம் சங்கீதம் சொல்கிறது. இரவும் பகலும் என்றால் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பது என்று அர்த்தமில்லை. காலையில் வாசித்தது மத்தியானம் வேலைக்கு நடுவே மனதில் வந்து நிற்க வேண்டும்.

இது புதிய பழக்கமும் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கைகோ என்ற துறவி இதை நான்கு படிகளாக எழுதி வைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடைசியில் கடவுளின் சமுகத்தில் சும்மா இருப்பது. கத்தோலிக்க சகோதரர்கள் லெக்சியோ திவினா என்று சொல்வது இதைத்தான். சீர்திருத்தச் சபைகளின் பக்கம், ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1728இல் மொராவியர்கள் என்ற சபையார் நாளுக்கொரு வசனம் என்று தொடங்கினார்கள். 1731 முதல் அது வருடாவருடம் புத்தகமாக அச்சாகி வருகிறது. இன்று நம் வாட்ஸாப் குழுக்களில் காலையில் வரும் தினவசனத்துக்கு இப்படிப் பழைய முன்னோடிகள் உண்டு.

எப்போது செய்வது என்ற கேள்வியில் பலர் முதல் வாரமே சோர்ந்துபோகிறார்கள். காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் தியானம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கத்துத் தலைக்குந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது அது எல்லாருக்கும் ஆகிற காரியமல்ல. "அவருடைய குளிருக்கு முன்பாக நிற்பவன் யார்?" என்று 147ஆம் சங்கீதமே கேட்கிறது. இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதுகிறார், உண்மைதான். ஆனால் ஈசாக்கு தியானம்பண்ண வெளியே போனது சாயங்கால வேளையில். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார். கொழுந்து பறிக்கக் காலையிலேயே கிளம்பும் அம்மாவுக்கு, பிள்ளைகள் தூங்கின பிறகுதான் பதினைந்து நிமிஷம் கிடைக்கும் என்றால் அதுதான் அவருடைய வேளை. நேரம் எதுவானாலும் தினமும் அதே நேரம், அதே இடம் என்று இருந்தால் பழக்கம் சீக்கிரம் பிடிபடும்.

அப்புறம், எதை வாசிப்பது? ஆதியாகமத்தில் ஆரம்பித்து ஒரே வருஷத்தில் முழு வேதத்தையும் முடிக்கத் தொடக்கத்திலேயே இறங்க வேண்டாம். வேதத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரத்துக்கு மேல் ஓட வேண்டும். பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். ஓட்டமாக வாசிப்பதற்கும் ஒரு பயன் உண்டு, ஆனால் அது தியானமாகாது. முதலில் மாற்கு எழுதின சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சிறியது. பத்துப் பன்னிரண்டு வசனமாக எடுத்தால் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். அதோடு இரவில் ஒரு சங்கீதம். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிக்கும் வழக்கமும் உண்டு. நல்ல வழக்கம், ஆனால் மாற்கு முடிந்த பிறகு அதற்குப் போகலாம்.

கண்ணை மூடிப் புரட்டி, விரல் விழுந்த வசனத்தைக் கர்த்தருடைய பதிலாக எடுத்துக்கொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள். வேதாகமம் கடிதங்களாகவும் பாடல்களாகவும் சரித்திரமாகவும் எழுதப்பட்டது. இன்று நாம் பார்க்கும் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சுக்காரர் புதிய ஏற்பாட்டில் போட்டவற்றைப் பின்பற்றி வந்தவை. தேடி எடுக்க அவை பெரிய உதவி. ஆனால் பவுல் எண் போட்டு எழுதவில்லை. ஒரு வசனத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதைச் சேர்த்து வாசித்தால்தான் அவர் சொல்ல வந்தது நமக்கு வந்து சேரும்.

இதற்கு ஒரே ஒரு வசனத்தை எடுத்துக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே." அட்டையில் இதைப் பார்க்கும்போது இந்த வருஷம் வேலை கிடைக்கும், கல்யாணம் கூடிவரும் என்று மனம் போகிறது. இப்போது அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடலாம் என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொல்லிவிட்டான். எல்லாருக்கும் பிடித்த வார்த்தை அது. எரேமியா எழுதுவது எழுபது வருஷம். அதாவது, இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் அநேகர் மறுபடி எருசலேமைப் பார்க்கப் போவதில்லை. அவர்களிடம் கர்த்தர் என்ன செய்யச் சொல்கிறார்? "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். இதெல்லாம் சொன்ன பிறகுதான் பதினோராம் வசனம் வருகிறது.

நீலகிரியில் இதை வாசிக்கும்போது எனக்கு ஒரு தலைமுறை ஞாபகம் வருகிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. கண்டி, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள், தாங்கள் அதுவரை பார்த்திராத ஊருக்குத் தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968 முதல் அரசு இந்த மலையில் தேயிலை நடத் தொடங்கியது. டேன் டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்று நாம் சொல்வது அதைத்தான். சேரம்பாடி, கொளப்பள்ளி, கோத்தகிரி பக்கமெல்லாம் அவர்கள் லயங்கள் என்ற தோட்ட வரிசை வீடுகளில் குடியேறி, குளிரிலும் அட்டைக்கடியிலும் அந்தச் செடிகளை வளர்த்தார்கள். "தோட்டங்களை நாட்டி" என்ற வார்த்தை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் வேறு மாதிரி காதில் விழும். எரேமியாவின் கடிதம் சீக்கிரம் எல்லாம் மாறிவிடும் என்று சொல்லவில்லை. மாறாத இடத்திலும், நீங்கள் கேட்காமலே வந்து சேர்ந்த இடத்திலும், கர்த்தர் உங்களை நினைத்திருக்கிறார் என்கிறது. அங்கேயே செடி நடுங்கள் என்கிறது. அட்டையில் இருக்கிற ஒற்றை வரியைவிட இது பலமான ஆறுதல் என்று நான் நம்புகிறேன். வேலை கிடைக்காமல் போன வருஷத்திலும் இது பொய்யாகிப் போவதில்லை.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் பிலிப்பியர் 4:13ஐயும் இதே மாதிரி ஒரு வசனம் முன்னால் போய் வாசித்துப் பாருங்கள். காவலில், கட்டுகளோடு இருந்த பவுல் எழுதியது. தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பசியாயிருக்கவும் பழகியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்கிறார். மார்க் குறைந்து வந்த பிள்ளைக்கும் அந்த வசனம் உதவும்.

சரி, வாசித்துப் புரிந்துகொண்டாகிவிட்டது. அடுத்தது, இன்று என்னிடம் இது எதைக் கேட்கிறது என்பது. பலருக்கு இந்த இடத்தில்தான் தியானம் வழுக்குகிறது.

நீதிமொழிகள் 11:1ஐ எடுத்துக்கொள்வோம்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." ஒரு சிறு தேயிலை விவசாயி காலையில் இதை வாசிக்கிறார் என்று வையுங்கள். அவர் மனம் உடனே இலை வாங்கும் ஏஜெண்டிடம் போகும். சாயங்காலம் ரோட்டோரத்தில் லாரி வந்து நிற்கிறது. பச்சை இலை அடைத்த சாக்குகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டுகிறார்கள். முள் ஆடி நிற்பதற்குள் எண்ணைச் சொல்லி நோட்டில் எழுதிவிடுகிறார்கள். மழை நாளென்றால் ஈரத்துக்கு என்று ஒரு கழிவு, சாக்குக்கு என்று ஒரு கழிவு. அது நியாயமான கழிவுதானா என்று கேட்க விவசாயிக்கு முழு உரிமை உண்டு. வேதமும் அந்தக் கேள்வியின் பக்கம் நிற்கிறது. ஆமோசும் மீகாவும் கள்ளத்தராசைப் பற்றி எவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆனால் தியானத்தில் உட்காருகிறவர் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: என் கையில் இருக்கிற தராசு எது? அவருடைய தோட்டத்திலும் கூலிக்கு ஆள் வந்து பறித்திருப்பார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. அந்த எடையைப் போடுவது இவர். அங்கே அரைக் கிலோ, ஒரு கிலோ விட்டுப்போகிறதா? முற்றின இலையைச் சாக்கின் அடியில் போட்டு, மேலே நல்ல கொழுந்தைப் பரப்புகிற பழக்கம் உண்டா? காலை வாசித்த வசனத்துக்கு அன்று மாலை இவர் செய்ய வேண்டியது, பறித்த அம்மா பக்கத்தில் நிற்கும்போதே முள் நிற்கும்வரை காத்திருந்து, அவருக்கும் எண்ணைக் காட்டி எழுதுவது. நாலைந்து நிமிஷம் கூட ஆகும். அந்த வாரம் கையிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவும் போகும். யாக்கோபு 1:22 சொல்கிற "கேட்கிறவர்களாய்மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்பது இந்த அளவுக்குச் சிறிய, இந்த அளவுக்கு நிச்சயமான காரியத்தில்தான் தொடங்குகிறது.

தேயிலை இல்லாதவர்களுக்கும் தராசு உண்டு. ஆசிரியருக்கு மதிப்பெண், ஜீப் ஓட்டுகிறவருக்குச் சுற்றுலா வந்தவரிடம் கேட்கும் வாடகை, வீட்டில் மாமியாருக்கு மகளையும் மருமகளையும் பார்க்கிற பார்வை. வசனத்தை வாசித்தவுடன் "இது அவருக்கு நல்லாப் பொருந்துது" என்று ஒருவர் முகம் ஞாபகம் வந்தால், அங்கேயே நிறுத்தி, அந்த வசனத்தை மறுபடி முதலிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லி வாசியுங்கள். உண்மையுள்ள வாழ்க்கை என்று நாம் பெரிதாகப் பேசுவதை இயேசு மிகச் சிறிய இடத்தில் வைத்தார்: "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்."

இந்த இடத்தில் ஒரு நோட்டு உதவும். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, வாசித்த பகுதி, இன்று செய்ய வேண்டியது ஒரு வரி. அழகான வாக்கியம் தேவையில்லை. "அண்ணனுக்கு போன் பண்ணணும்" என்று எழுதினாலும் அது தியானக் குறிப்புதான். வாசித்ததில் புரியாததையும் எழுதிவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆயரிடமோ உபதேசியாரிடமோ கேளுங்கள். அவர்களுக்கு அது சந்தோஷமாகவே இருக்கும்.

துக்க நாட்களில் என்ன வாசிப்பது என்று தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் இருக்கிற நமக்கு 121ஆம் சங்கீதம் சொந்தச் சங்கீதம் மாதிரி. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற வரியை எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொட்டபெட்டா படத்தோடு பார்த்திருக்கிறேன். இது எருசலேமுக்கு ஏறிப் போகிற யாத்திரிகர்களின் பாட்டு, 120 முதல் 134 வரை உள்ள 15 ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. நடந்து போகிறவனுக்கு மலை என்றால் அழகு மட்டுமில்லை, பயமும்தான். அதனால்தான் அடுத்த வசனமே, ஒத்தாசை வருவது மலையிலிருந்து அல்ல, "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து" என்கிறது. "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்பதன் அருமை மழையில் சரிவில் நின்று இலை பறிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்து வீடுகளோடு மனிதர்களும் போனார்களே, அவர்கள் வீட்டில் இந்தச் சங்கீதத்தை எப்படி வாசிப்பது? விசுவாசத்தில் புதியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம், வேதமே இதைக் கேட்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லாமலே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபமும் பரிசுத்த வேதாகமத்துக்குள் இருக்கிறது. துக்க வீட்டுக்குப் போனால் 121ஐ விளக்க முயலாதீர்கள். 13ஐ மெதுவாக வாசித்துவிட்டு, கூட உட்கார்ந்திருங்கள். அவர்கள் கேட்டால் 121ஐ இன்னொரு நாள் சேர்ந்து வாசிக்கலாம்.

இரவில் செய்ய ஒரு சின்னப் பயிற்சி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் புனித இக்னேஷியஸ் லொயோலா தம்மோடு இருந்தவர்களுக்கு நாளைத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அவர் தொடங்கிய இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் 1895இல் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். பழனி மலையில் பல தலைமுறை இளம் துறவிகள் அங்கே இந்தப் பழக்கத்தில் வளர்ந்திருக்கிறார்கள். செய்வது எளிது. படுக்கும் முன் முதலில் அந்த நாளுக்காக நன்றி சொல்வது. பிறகு கர்த்தாவே, இந்த நாளை உம்முடைய வெளிச்சத்தில் எனக்குக் காட்டும் என்று கேட்பது. காலையிலிருந்து நடந்ததை மணிவாரியாக ஓட்டிப் பார்ப்பது. தவறின இடத்தில் மன்னிப்பு, நாளைக்கு உதவி. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன். ஆனாலும் காலை வாசிப்போடு இதைச் சேர்த்துச் செய்யும்படி எல்லாருக்கும் சொல்வேன். காலையில் நோட்டில் எழுதின அந்த ஒரு வரி என்ன ஆயிற்று என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிறது என்றால் அதுவே போதுமா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டும். குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக வாசிக்கும்போது, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பேரனுக்காக எல்லாரும் காத்திருக்கிறோமே, அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பாட்டி புத்தகத்தைத் திறக்காமலே அடுத்த வரியைச் சொல்லிவிடுவார். பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பையோ எளிய தமிழில் வந்திருப்பதையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தேவனுடைய வார்த்தை அவரவர் பேசுகிற பேச்சில் வரவேண்டும் என்ற அக்கறை இந்த மலைக்குப் புதிதல்ல. லூக்கா சுவிசேஷம் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே வாழும் படகர் சமூகத்தின் மொழியில் வந்துவிட்டது.

இடையில் நாலைந்து நாள் விட்டுப்போனால் அதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் வாசிக்க உட்காராதீர்கள். விட்ட இடத்திலிருந்து அன்றைய பகுதியை மட்டும் எடுங்கள். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் புத்தகம் சொல்வது கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி. எருசலேம் இடிந்து கிடந்தபோது பாடிய பாட்டு அது.

முதல் வாரத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். திங்கள், மாற்கு 1ஆம் அதிகாரம் 1 முதல் 13. செவ்வாய், 14 முதல் 20 வரை, வலையை விட்டுப் பின்போன மீனவர்கள். புதன், 21 முதல் 28. வியாழன், 29 முதல் 39 வரை. இதில் பேதுருவின் மாமி காய்ச்சலாகக் கிடக்கிறார், இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போகிறார். இரண்டும் எப்படி அடுத்தடுத்து வருகிறது என்று பாருங்கள். வெள்ளி, 40 முதல் 45. யாரும் கிட்டே போகாத குஷ்டரோகியை இயேசு தொட்ட இடம் அது, அவசரப்படாமல் வாசியுங்கள். சனி, 2ஆம் அதிகாரம் 1 முதல் 12, நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்கின திமிர்வாதக்காரன். ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒன்றும் வேண்டாம், ஆலயத்தில் வாசிக்கும் பகுதியை வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் வாசித்தால் போதும்.